கத்தி போன வழி

சிறுகுடலின் நீளம் ஏறத்தாழ 6 மீட்டர். அவ்வளவையும் தொப்புளைச் சுற்றியுள்ள சிறு இடத்தில் சுருட்டி வைத்துக்கொண்டுதான் நடமாடுகிறோம். குனிகிறோம், புரள்கிறோம், இருமுகிறோம், வயிறு முட்டச் சாப்பிடுகிறோம். ஒவ்வொரு அசைவிலும் குடல் சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இடம் மாறிக்கொள்கின்றன, ஆனால் சிக்குவதில்லை. இந்த வழுக்கலைத் தருவது பெரிட்டோனியம் என்ற சவ்வு. வயிற்றுச் சுவரின் உட்பக்கத்தையும், குடல், கல்லீரல், கருப்பை போன்ற உறுப்புகளின் வெளிப்பக்கத்தையும் அது போர்த்தியிருக்கிறது. விரித்துப் பரப்பினால் உடம்புத் தோலின் பரப்பளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அதன் மேற்பரப்பில் இருப்பது ஒரே ஓர் அடுக்குச் செல்கள், அவற்றின்மேல் மெல்லிய ஈரம். அவ்வளவுதான்.

அந்த ஒற்றை அடுக்கு உரிந்துபோக அதிகம் தேவையில்லை. அறுவை விளக்கின் சூட்டில் காய்ந்தாலோ, ரத்தத்தை ஒற்றியெடுக்கும் துணி உரசினாலோ, கையுறை அணிந்த விரல் அழுத்திப் பிடித்தாலோ உரிந்துவிடும். ஆறுவதும் வேகமாகவே நடக்கிறது. தோலில் காயம் பட்டால் ஓரங்களிலிருந்து செல்கள் ஊர்ந்து வந்து நடுவில் சேர வேண்டும். காயம் பெரிதென்றால் நாளும் கூடும். பெரிட்டோனியத்தின் முறை வேறு. மழை பெய்த தரிசில் புல் கிளம்புவதுபோல் காயத்தின் பரப்பு முழுவதும் ஒரே சமயத்தில் புதிய செல்கள் கிளம்புகின்றன. சிறிய காயமோ பெரிய காயமோ, ஒரு வாரத்தையொட்டி மூடிவிடுகிறது.

சிக்கல் அந்த வாரத்தின் முதல் மூன்று நாட்களில் இருக்கிறது. காயம் பட்ட சில மணி நேரத்துக்குள் அந்த இடத்தில் ஃபைப்ரின் என்ற புரதம் படிகிறது. ரத்தத்தை உறைய வைக்கும் அதே பிசின்தான். பக்கத்தில் இன்னொரு காயப்பட்ட பரப்பு இருந்தால் இரண்டையும் அது ஒட்டிவைக்கும். இதைக் கரைக்கப் பிளாஸ்மின் என்ற நொதி இருக்கிறது. வழக்கமாக மூன்று நாளைக்குள் பிசின் கரைந்து, சுருள்கள் மீண்டும் தனித்தனியாக வழுக்கத் தொடங்கும். ஆனால் அறுவையின் அதிர்ச்சி, ரத்த ஓட்டக் குறைவு, கிருமித்தொற்று ஆகியவை அந்த நொதியை மந்தமாக்கிவிடுகின்றன. கரைக்கும் வேலை மிகவும் தேவைப்படும் நேரத்தில் கரைப்பவர் படுத்துக்கொள்கிறார். கரையாமல் நின்ற பிசினுக்குள் நார்ச்செல்கள் புகுந்து கொலாஜனை நெய்கின்றன. பிறகு ரத்தக்குழாய்கள் வருகின்றன, நரம்பிழைகளும் வருகின்றன. தற்காலிகமாகப் போட்ட ஒட்டு நிரந்தரத் தசைநார்போல் ஆகிவிடுகிறது. மருத்துவர்கள் அட்ஹீஷன் என்பதும், நோயாளிகள் ‘குடல் ஒட்டிக்கிச்சு’ என்பதும் இதைத்தான்.

இதை உடம்பின் பிழை என்று சொல்லிவிட முடியாது. ஹெரால்டு எல்லிஸ் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் 1962இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தைத் தலைகீழாகத் திருப்பியது. பெரிட்டோனியம் உரிந்த இடம் திறந்து கிடந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பி, அதை இழுத்து இறுக்கமாகத் தைத்துவிடுவது அதுவரை வழக்கமாக இருந்தது. விலங்குகளில் எல்லிஸ் செய்த சோதனையில் திறந்து விட்ட இடங்கள் பெரும்பாலும் வழுவழுவென்று ஆறின. இழுத்துத் தைத்த இடங்களில்தான் ஒட்டு வந்தது. தையல் இறுக்கத்தில் ரத்தம் கிடைக்காமல் தவித்த திசு, பக்கத்து உறுப்பிலிருந்து ரத்தக்குழாய்களை வரவழைத்துக்கொள்கிறது. அந்தக் குழாய்கள் வரும் பாலமே ஒட்டு. குடல் அறுவை செய்பவர்கள் இந்தக் குணத்தை நம்பித்தான் பிழைக்கிறார்கள். வெட்டி இணைத்த குடலின் தையலைச் சுற்றிக் கொழுப்புத்திரை வந்து ஒட்டிக்கொள்ளாவிட்டால் கசிவுகள் இன்னும் அதிகமாக இருக்கும்.

கையுறைக்கும் இதில் பங்குண்டு. ரப்பர் கையுறை எளிதாக நுழைய ஒரு காலத்தில் டால்க் பவுடரைத் தடவினார்கள். வயிற்றுக்குள் உதிர்ந்த டால்க் துகளைச் சுற்றிக் கட்டிகளும் ஒட்டுகளும் உண்டாவது தெரிந்த பிறகு மாவுப்பொடிக்கு மாறினார்கள். அதுவும் ஒட்டை வளர்த்தது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, பொடி தடவிய மருத்துவக் கையுறைகளைத் தடைசெய்ய 2016 டிசம்பர்வரை ஆயிற்று. தெரிந்த உண்மைக்கும் மாறிய பழக்கத்துக்கும் நடுவே இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதை மருத்துவ வரலாறு படிப்பவர்கள் அடிக்கடி பார்ப்பார்கள்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். மென்ஸீஸ், எல்லிஸ் இருவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு வயிற்று அறுவை செய்துகொண்டு மறுபடி அறுவைக்கு வந்தவர்களில் 100க்கு 93 பேருக்கு உள்ளே ஒட்டு இருந்தது. முதன்முறையாக வயிறு திறக்கப்பட்டவர்களிலும் பத்தில் ஒருவருக்கு இருந்தது. அவர்கள் கத்தியைப் பார்க்காதவர்கள்; எப்போதோ வந்து போன அழற்சியின் மிச்சம் அது. வெடித்த குடல்வால், இடுப்புக்குழித் தொற்று, எண்டோமெட்ரியோசிஸ் எல்லாம் ஒட்டை உண்டாக்கும். நம் நாட்டில் வயிற்றுக் காசநோயையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது குடல் சுருள்களை மொத்தமாக ஒரு கூட்டுக்குள் அடைத்துவிடுவதும் உண்டு.

ஸ்காட்லாந்தில் 1986இல் திறந்த முறை வயிற்று அறுவையோ இடுப்புக்குழி அறுவையோ செய்துகொண்ட 29,790 பேரை 10 ஆண்டுகள் பின்தொடர்ந்து 1999இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஒட்டோடு தொடர்புடைய, அல்லது தொடர்பிருக்கக்கூடிய காரணத்துக்காக மூன்றில் ஒருவர் சராசரியாக இரண்டு முறை மருத்துவமனைக்குத் திரும்பியிருந்தார். ஆனால் அந்த மறுசேர்க்கைகளில் ஒட்டுதான் நேரடிக் காரணம் என்று சொல்ல முடிந்தவை 5.7% மட்டுமே. பத்து ஆண்டுகளிலும் மறுசேர்க்கைகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. அறுவை முடிந்து இத்தனை ஆண்டு தாண்டிவிட்டால் பயமில்லை என்று கோடு கிழிக்க முடியாது.

இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறுவை செய்துகொண்ட ஏறக்குறைய எல்லோருக்கும் ஒட்டு இருக்கிறது. அதனால் அவதிப்படுபவர்கள் சிலர். அப்படியானால் வலியோடு வந்தவரின் வயிற்றுக்குள் கேமராவை விட்டு, ‘இதோ ஒட்டு இருக்கிறது’ என்று காட்டுவது எதையும் நிரூபிப்பதில்லை. வலியில்லாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே படம்தான் தெரியும். அறுவையை எடைபோடும்போது கேட்க வேண்டியது ‘ஒட்டு இருக்கிறதா’ என்பது அல்ல. ‘இந்தத் தொல்லையைச் செய்வது அந்த ஒட்டுதானா’ என்பதுதான். குடல் அடைப்பில் இதற்குத் தெளிவான விடை கிடைக்கும். நாள்பட்ட வலியில் பெரும்பாலும் கிடைக்காது. இந்த இரண்டையும் ஒரே நோயாகக் குழப்பிக்கொள்வதால் நிறைய வயிறுகள் தேவையில்லாமல் திறக்கப்பட்டிருக்கின்றன என்பது என் கருத்து.

முதலில் அடைப்பு. ஒட்டு நாடாவைப் போல் குடலுக்குக் குறுக்கே விழுந்து இறுக்கினாலோ, குடலை ஓரிடத்தில் இழுத்து மடக்கிப் பிடித்தாலோ உள்ளே போவது நகராது. வலி அலை அலையாக எழும்பி அடங்கும். வயிறு உப்பும். பச்சைப் பித்தமாக வாந்தி வரும். காற்றுப் பிரிவது நின்றுவிடும். ‘சூரியன் மறைவதற்குள் வயிற்றைத் திற’ என்பது இதற்குப் பழைய தலைமுறை அறுவை மருத்துவர்கள் வைத்திருந்த விதி. சி.டி. ஸ்கேன் இல்லாத காலத்தில் குடல் அழுகத் தொடங்கியதா என்று வெளியிலிருந்து அறிய வழியில்லை. காத்திருந்து கெடுவதைவிடத் திறந்து பார்ப்பது மேல் என்று நினைத்தார்கள்.

இன்று அவ்வளவு அவசரம் எல்லோருக்கும் இல்லை. வலி அலையாக வராமல் விடாது நீடித்தால், காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறினால், வயிறு பலகைபோல் விறைத்தால், அல்லது குடலுக்கு ரத்தம் போகவில்லை என்று சி.டி. காட்டினால் உடனே அறுவைதான். அங்கே எடைபோட ஒன்றுமில்லை. இந்த அறிகுறிகள் இல்லாதவர்களுக்கு வாய்வழி உணவை நிறுத்தி, மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் காலி செய்து, டிரிப்ஸ் ஏற்றிக் காத்திருக்கிறார்கள். குழாய் வழியாக காஸ்ட்ரோகிராஃபின் என்ற எக்ஸ்ரே திரவத்தையும் செலுத்துவதுண்டு. அது 24 மணி நேரத்தில் பெருங்குடலை எட்டியது படத்தில் தெரிந்தால் அடைப்பு தானே விடுபடும் என்று பெரும்பாலும் நம்பலாம். எட்டாவிட்டால் கத்தியை நோக்கி நகர வேண்டும். பொதுவாக 72 மணி நேரம் வரை பொறுத்துப் பார்க்கிறார்கள். பெரும்பாலோருக்கு அதற்குள் காற்றுப் பிரிந்துவிடுகிறது. அந்தச் சத்தத்துக்காக ஒரு குடும்பமே காத்திருந்து மகிழ்வதை மருத்துவமனை வார்டுகளில் பார்க்கலாம்.

அடைப்பு விடுபட்டு வீடு திரும்பியவருக்கு அடுத்த கேள்வி காத்திருக்கிறது: மறுபடி வருமா? கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 27,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். முதல் அடைப்பின்போதே அறுவை செய்துகொண்டவர்களில் 13% பேருக்கு மீண்டும் வந்தது. காத்திருந்து சரியானவர்களில் 21% பேருக்கு வந்தது. கத்தியின் பக்கம் தட்டு கொஞ்சம் தாழ்கிறது. ஆனால் இதே எண்களைத் திருப்பிப் படித்தால், காத்திருந்தவர்களில் ஐந்தில் நால்வருக்கு அடைப்பு மீண்டும் வரவேயில்லை. ஒரே முறை வந்து தானே விலகிய அடைப்புக்கு எதிர்காலத்தை நினைத்து வயிற்றைத் திறக்க நான் யாரையும் தூண்டமாட்டேன். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வார்டுக்குப் போய்க்கொண்டிருப்பவரின் கதை வேறு.

திறந்தால் என்ன ஆபத்து? நெதர்லாந்தின் நைமேகன் நகரில் நடந்த ஆய்வொன்றில், திட்டமிட்ட வயிற்று அறுவைகளில் ஒட்டைப் பிரிக்க வேண்டியிருந்த 475 பேரைக் கவனித்தார்கள். அவர்களில் பத்தில் ஒருவருக்குக் குடலில் தெரியாமல் துளை விழுந்தது. ஒட்டைப் பிரிக்கத் தேவைப்படாதவர்களில் ஒருவருக்குக்கூட அப்படி நேரவில்லை. துளையை அங்கேயே கண்டு தைத்துவிட்டால் தப்பலாம். காணாமல் மூடிவிட்டால் நாலைந்து நாளில் காய்ச்சலாகவும் சீழாகவும் வெளிப்படும்.

அடுத்தது வலி. மருத்துவரின் முன்னால் பெரும்பாலும் ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். “சிசேரியன் பண்ணி அஞ்சு வருஷம் ஆச்சு டாக்டர். ஸ்கேன் எல்லாம் நார்மல்னு சொல்றாங்க. வலி மட்டும் போக மாட்டேங்குது” என்பார். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9% பிரசவங்கள் சிசேரியன். அதோடு குடும்பக் கட்டுப்பாடு, கர்ப்பப்பை எடுத்தல், குடல்வால் என்று சேர்த்தால் வயிற்றில் தழும்பில்லாத நடுவயதுப் பெண்ணைக் காண்பது பல குடும்பங்களில் அரிது. சாதாரண ஸ்கேனில் ஒட்டு தெரியாது. அதனால் ‘நார்மல்’ என்ற சொல்லுக்கு ‘ஒட்டு இல்லை’ என்று பொருளில்லை. அதே போல் வலிக்கு ஒட்டுதான் காரணம் என்றும் பொருளில்லை. அந்தப் பெண்ணிடம் ‘எல்லாம் மனசுதான்மா’ என்று சொல்லி அனுப்புவது மருத்துவம் செய்யக்கூடிய மிக மோசமான காரியம்.

நெதர்லாந்தில் நாள்பட்ட வயிற்றுவலியும் ஒட்டும் உள்ள 100 பேருக்குச் சிறு துளை வழியாகக் கேமராவை விடும் லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். உள்ளே கேமரா போன பிறகு குலுக்கல் முறையில் 52 பேருக்கு ஒட்டைப் பிரித்தார்கள். 48 பேருக்குப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். தனக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் வலி நன்றாகக் குறைந்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு! ஸ்வாங்க் குழுவினர் 2003இல் லேன்செட் இதழில் வெளியிட்ட இந்த முடிவு அறுவை உலகத்துக்குக் கசந்தது. 12 ஆண்டுகள் கழித்து அதே நோயாளிகளை மறுபடி தேடிப் பார்த்து 2017இல் எழுதினார்கள். காலப்போக்கில் ஒட்டைப் பிரித்ததால் கிடைத்த பலன், வெறுமனே பார்த்துவிட்டு மூடியதால் கிடைத்த பலனைவிடக் குறைவாக இருந்தது.

ஒன்றும் பிரிக்காமலே வலி ஏன் குறைந்தது? நோயாளியின் வலியை ஒருவர் நம்பி, உள்ளே பார்த்து, ஆபத்தான நோய் இல்லை என்று சொன்னதே ஒரு காரணமாக இருக்கலாம். நாள்பட்ட வலி ஏறி இறங்கும் தன்மையுடையது. உச்சத்தில் இருக்கும்போது மருத்துவரிடம் போகிறோம், பிறகு தானே இறங்குகிறது. இந்த இரண்டும் பொய்யான நிவாரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குடலில் துளை விழும் அபாயத்தை விலையாகக் கொடுத்து அதை வாங்க வேண்டியதில்லை.

விதிவிலக்கு உண்டு. பீட்டர்ஸ் என்ற டச்சு மருத்துவரின் குழு 1992இல் 48 பெண்களிடம் செய்த ஆய்விலும் பொதுவாகப் பலன் தெரியவில்லை. ஆனால் குடலைப் பிடித்திருந்த, ரத்தக்குழாய்கள் ஓடும் தடித்த ஒட்டு உள்ள சிறு பிரிவினருக்கு மட்டும் வலி குறைந்தது. ஒட்டுக்குள் நரம்பிழைகள் இருப்பதும் நுண்ணோக்கியில் காட்டப்பட்டிருக்கிறது. ஆகவே ஒட்டு வலிக்காது என்று சொல்வதும் தவறு. எந்த ஒட்டு வலிக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும் வழி நீண்ட காலம் இல்லாமல் இருந்தது. மூச்சை இழுத்து விடும்போது உறுப்புகள் வழுக்குகின்றனவா, ஓரிடத்தில் சிக்கி இழுபடுகின்றனவா என்று அசையும் படமாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. முறையை நைமேகனில் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒட்டு தெரிந்து, அறுவையும் ஒட்டுத் தடுப்பும் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் தேறியிருக்கிறார்கள். நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அங்கே குலுக்கல் இல்லை. விரும்பியவர்களுக்கு அறுவை நடந்தது. ஸ்வாங்க் ஆய்வைப் படித்த பிறகு இந்த வேறுபாட்டைப் புறக்கணிக்க மனம் வரவில்லை.

எம்.ஆர்.ஐ. வரைக்கும் போவதற்கு முன்னால் காசில்லாத ஒரு சோதனை இருக்கிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் கார்னெட் 1926இல் விவரித்தது. நோயாளி மல்லாந்து படுத்து, வலிக்கும் புள்ளியை ஒரே விரலால் காட்ட வேண்டும். மருத்துவர் அந்தப் புள்ளியை அழுத்திக்கொண்டே தலையையும் தோளையும் தூக்கச் சொல்வார். வயிற்றுத் தசை இறுகும்போது உள்ளுறுப்புகளுக்கு அது கேடயமாகிவிடும். வலி உள்ளிருந்து வந்தால் குறையும். கூடினால் வலி இருக்கும் இடம் சுவர். தழும்புக்கு அருகே சிக்கிய தோல் நரம்பாக இருக்கலாம். அந்தப் புள்ளியில் மரத்துப்போக ஓர் ஊசி போட்டதும் ஆண்டுக்கணக்காக இருந்த வலி அப்போதே அடங்குவதுண்டு. ‘ஒட்டு வலி’ என்று பெயர் வாங்கியவற்றில் இப்படிச் சுவரில் இருப்பவையும் கலந்திருக்கின்றன.

குடலுக்குள் தெரியும் நாடாக்களின்மேல் பழி போடும் ஆசை புதிதல்ல. லண்டனின் கைஸ் மருத்துவமனையில் புகழ்பெற்றிருந்த ஆர்பத்நாட் லேன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடலின் மடிப்புகளும் நாடாக்களும் மலத்தைத் தேக்கி உடம்பையே நஞ்சாக்குகின்றன என்று நம்பினார். சோர்வு, மலச்சிக்கல் என்று வந்தவர்களுக்குப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். அவர் கைத்திறனைச் சக மருத்துவர்கள் மெச்சினார்கள். தவறு கையில் இல்லை, காரணத்தில் இருந்தது.

அமெரிக்காவில் நோபிள் என்பவர் 1937இல் வேறு வழியில் போனார். ஒட்டுவதைத் தடுக்க முடியாதென்றால் ஒழுங்காக ஒட்டட்டும் என்று குடல் சுருள்களை வரிசையாக அடுக்கித் தைத்துவிட்டார்! கேட்க வேடிக்கையாக இருந்தாலும் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. நீண்ட நேரம் பிடித்ததாலும் சிக்கல்கள் வந்ததாலும் அது பின்னர் கைவிடப்பட்டது. ஆலிவ் எண்ணெய், திரவ பாரஃபின், பனிக்குட நீர், ஹெப்பாரின் என்று வயிற்றுக்குள் ஊற்றிப் பார்த்தவையும் பல. இன்று சில நாட்களில் கரைந்துவிடும் படலங்கள் கிடைக்கின்றன. 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செப்ராஃபில்ம் அவற்றில் ஒன்று. 2006இல் வந்த பெரிய சோதனையில் குடலடைப்பின் மொத்த எண்ணிக்கையை அது குறைக்கவில்லை. மறு அறுவை தேவைப்பட்ட அடைப்பை 3.4%இலிருந்து 1.8%ஆகக் குறைத்தது. சிறிய, ஆனால் உண்மையான லாபம். படலத்தைவிடப் பெரிய லாபம் வெட்டைச் சிறிதாக்குவதில் இருக்கிறது. ஸ்காட்லாந்திலேயே 72,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த 2020ஆம் ஆண்டு ஆய்வில், ஐந்தாண்டுக்குள் ஒட்டினால் நேரடியாக மறுசேர்க்கை ஆனவர்கள் திறந்த அறுவையில் 4.3%, லேப்ராஸ்கோப்பியில் 1.7%.

அறுவை வேண்டாம் என்று முடிவெடுத்தவர் என்ன செய்வது? ஒட்டைக் கரைக்கும் உணவோ கஷாயமோ கிடையாது. அப்படி விற்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். அடைப்பு வந்து போனவர்களுக்கு, குடல் குறுகிய இடத்தில் நார்ச்சக்கை சிக்காமல் பார்த்துக்கொள்வது உதவும். வாழைத்தண்டு, பனங்கிழங்கு, முருங்கைக்காய்ச் சக்கை, நாருள்ள மாம்பழம், ஆரஞ்சுச் சுளையின் தோல் ஆகியவற்றைச் சில வாரங்கள் தள்ளிவைக்கலாம். குழைந்த சோறு, இட்லி, பருப்பு, வேகவைத்து மசித்த காய் என்று கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாக மென்று சாப்பிடலாம். நார்ச்சத்து நல்லதென்று எல்லோரும் சொல்லும் காலத்தில் இது விசித்திரமாகப் படும். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாத நேரத்தில் விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடுப்பதும், குடலேற்றம் என்று எண்ணெய் தடவி வயிற்றை நீவுவதும் ஆபத்து. அது மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டிய நேரம்.

வலி மட்டும் உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு அவசியமில்லை. பயந்து பயந்து உணவைக் குறைத்து எடை இழப்பவர்களும் உண்டு. நாள்பட்ட வலிக்கான மருந்துகளை, குறிப்பாக நரம்பு வலிக்குத் தருபவற்றை, முயன்று பார்க்கலாம். ஓபியாய்டு மாத்திரைகள் குடலின் அசைவையே மந்தமாக்குவதால் அவற்றை விலக்குவது நல்லது.

அறுவைதான் என்று முடிவானால் காலமும் முக்கியம். போன அறுவை முடிந்த இரண்டாம் வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை ஒட்டு சிவந்து, தடித்து, தொட்டால் ரத்தம் கசியும் நிலையில் இருக்கும். உயிருக்கு ஆபத்தில்லாவிட்டால் அந்த இடைவெளியில் அனுபவசாலிகள் வயிற்றைத் திறப்பதில்லை. மாதங்கள் போகப் போக அது இளகும். மருத்துவரிடம் போகும்போது பழைய அறுவைக் குறிப்பின் நகலை எடுத்துக்கொண்டு போங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கம் போதாது. எந்தச் சுருள் எதோடு ஒட்டியிருந்தது, எந்த இடத்தில் வலை வைத்தார்கள், எதைப் பிரிக்காமல் விட்டார்கள் என்று அறுவை செய்தவர் எழுதிய பக்கங்கள் வேண்டும். எழுதித் தரக் கேட்டால் பல மருத்துவமனைகள் தருகின்றன. லேப்ராஸ்கோப்பியின் முதல் துளையைத் தொப்புளில் போடலாமா, இடது விலாவுக்குக் கீழே போடலாமா என்பதை அடுத்த மருத்துவர் முடிவு செய்ய அந்தப் பக்கங்கள் உதவும்.